இரண்டு மஞ்சப்பை மண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கடல் ஆகாது. பிடிக்காது என்று சொல்லவில்லை, ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாதில்லையா, அந்த மாதிரி. சுனாமி வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. படவேட்டில் எங்கள் தெருவில் டிவி இருந்தது ரஞ்சிதம் அக்கா வீட்டில் மட்டும்தான். மூன்று நாள் அந்த வீட்டுத் தரையிலேயே கிடந்து பார்த்தேன். பிறகு எட்டாவது படிக்கும்போது மாமல்லபுரத்துக்கு டூர் அழைத்துப் போனார்கள். எல்லாரும் இறங்குகிறார்களே என்று நானும் கால் வைத்தேன். அலை திரும்பிப் போகும்போது என் காலுக்கடியில் இருந்த மண்ணையும் உருவிக்கொண்டு போனது. ஓடிவந்து வேனில் ஏறியவள்தான், சாயங்காலம் வரைக்கும் இறங்கவில்லை.

அப்படிப்பட்டவளிடம் வந்து, கடலோரம் வீடு பார்த்திருக்கிறேன் என்று ஒருத்தர் சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் நவீன்குமார். மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை. அங்கே நாலு பேரோடு ஒரு ரூம். சனிக்கிழமை மத்தியானம் மலையில் இருக்கிற எங்கள் ஊருக்கு ஏறி வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கிப் போவார். நானும் எங்கள் ஆறு வயசு மகள் கீதாஞ்சலியும் அவருடைய அப்பா அம்மாவோடு மலையிலேயே இருந்தோம். ஜமுனாமரத்தூரில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. ஒவ்வொரு ஞாயிறும் கீதாஞ்சலி அவர் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டாள். பஸ்ஸில் ஏறும்வரை யாராவது ஒருத்தர் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு வீட்டை வாங்கி, மூன்று பேரும் ஒன்றாக இருந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே ஆசை.

எங்கள் கைக்கு எட்டினது இரண்டு வீடு. மாசி மாதத்தில் ஒரே நாளில் இரண்டையும் போய்ப் பார்த்தோம். ஒன்று கூவத்தூர் தாண்டி, கடலிலிருந்து முக்கால் கிலோமீட்டர். பழைய வீடு, ஆனால் பெரிசு. கிணறு, இரண்டு தென்னை, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். நான் ஆட்டோவை விட்டே இறங்கவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னொன்று கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர், பொன்னி கார்டன் என்று ஒரு நகர். சின்ன வீடுதான், ஆனால் புதுசு, டைல்ஸ் போட்டது. வாசலுக்கு ஐந்து படி ஏறிப் போக வேண்டும். உயரமாக, கம்பீரமாக இருந்தது. எனக்கு அந்தப் படிகளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இங்கே எந்த அலையும் வராது என்று அவரிடம் சொன்னேன்.

அவருக்குக் கடல் வீடுதான் மனசில் நின்றது. காற்று, நல்ல தண்ணீர், கம்பெனி பஸ் வேறு அந்தப் பக்கமும் வருகிறது. நான் முடியாது என்றேன். இரண்டு வாரம் போனில் சண்டை, நேரில் சண்டை. ஒருநாள் அவர், உன் ஒருத்தி பயத்துக்காக எல்லாரும் புழுதியில் குடியிருக்கணுமா என்று கேட்டுவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டேன். அப்போதுதான் மாமா நடுவில் வந்தார்.

மாமா என்றால் என் மாமனார் சடையன். சாமையும் புளியும் விளைவித்துச் சேர்த்த பணத்திலிருந்து வீட்டு விலையில் பாதியை அவர்தான் கொடுக்கிறார். அதனால் அவர் பேச்சை மீற முடியாது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் எல்லாரும் செய்கிறார்களா எனக்குத் தெரியாது, இவர்கள் செய்வார்கள். வீடு கட்டுகிற இடத்திலிருந்து மண் எடுத்து வந்து அதில் சாமை விதைப்பார்கள். ஏழு நாளில் நன்றாக முளைத்தால் அந்த இடத்தில் குடியிருக்கலாம். முளைக்காவிட்டால் அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாட்டுக் கொட்டகைக்குக்கூட அப்படித்தான் இடம் பார்த்தாராம். சிமெண்டு போட்டுப் பூசின வீட்டில் என்னத்தை முளைக்கிறது என்று நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. இரண்டு இடத்து மண்ணும் கொண்டு வா என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்காரர் இரண்டு மஞ்சப்பையில் மண்ணோடு வந்து இறங்கினார். மாமா முதலில் கடல் மண்ணை உள்ளங்கையில் கொட்டி, தேய்த்து, கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பே இல்லை, நல்லாத்தான் இருக்கிறது என்றார். அடுத்து நகர் மண். கறுப்பாக, கையில் ஒட்டிக்கொள்கிற மண். அதைப் பார்த்ததும் அவர் முகமே மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு மண் நம்ம கொல்லையில் இருந்தால் நான் ராஜா என்றார். இரண்டு பெயிண்ட் டப்பாவில் ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, சாமையைத் தூவினார். கடல் மண் வாசலுக்கு வலப்பக்கம், நகர் மண் இடப்பக்கம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு.

அந்த வேலையை அவர் என்னிடம் கொடுத்திருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே செய்துவிட்டேன். சொம்புத் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பைப் போட்டுக் கலக்கி, வலப்பக்க டப்பாவில் ஊற்றினேன். நிமிர்ந்தால் கீதாஞ்சலி நிற்கிறாள். மருந்துக் கடையில் நான் உப்புக் கரைசல் பாக்கெட் விற்பதைப் பார்த்திருக்கிறாள். "அம்மா, செடிக்கு வயித்தால போவுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். ஆறு வயசுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்வதைப் போல முட்டாள்தனம் உலகத்தில் வேறு இல்லை.

அந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! கீதாஞ்சலி தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், எதையாவது சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வேன். என் மாமியார் பாஞ்சாலை ஒருநாள் சாப்பிடும்போது, உப்பு ஜாடி அதுக்குள்ள எப்படிக் காலியாச்சு என்று கேட்டார். கையில் இருந்த சோறு கீழே விழுந்துவிட்டது. எறும்பு வந்துச்சு, கொட்டிட்டேன் என்றேன். உப்புக்கு எந்த ஊரில் எறும்பு வரும்? அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புதன்கிழமை நகர் மண்ணில் முளை வந்தது. வியாழக்கிழமை டப்பா நிறையப் பச்சை. கடல் மண் அப்படியே கிடந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பொய்தான், திருட்டுத்தனம்தான், ஆனால் என் பிள்ளையை அந்த அலைக்குப் பக்கத்தில் படுக்க வைக்காமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்ததும் மாமா இரண்டு டப்பாவையும் குனிந்து பார்த்தார். நகர் வீட்டையே எடுங்க என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. அதை நான் அப்போது பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் முகம் வாடிப்போய்விட்டது. ஆனாலும் அப்பா சொன்னால் சொன்னதுதான்.

பொன்னி கார்டன் புரோக்கர் சக்கரவர்த்தி, இன்றைக்கு ஆறு மணிக்குள் அட்வான்ஸ் வரவில்லையென்றால் வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். போனில் பணம் அனுப்பினால் போதும். ஆனால் எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது. புளியந்தோப்புக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். கால் மணி நேரம் ஏற வேண்டும். ஐந்தேகால் மணிக்கு அவரும் மாமாவும் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் போனதும் அத்தை, அந்த டப்பாக்களைக் கழுவி வை, மண்ணை மிளகாய்ச் செடிக்குக் கொட்டு என்றார். நான் இடப்பக்க டப்பாவை எடுத்துக் கவிழ்த்தேன். ஈரக் கறுப்பு மண் கட்டியாக விழுந்து உடைந்தது. அதிலிருந்து ஒரு வாடை வந்தது.

அந்த வாடை எனக்குத் தெரியும். என் அப்பா கண்ணாயிரம் ஒவ்வொரு கோடையிலும் படவேட்டு ஏரி வற்றினதும் வண்டல் அள்ளி டிராக்டரில் கொண்டு வந்து நிலத்தில் கொட்டுவார். கொட்டின அன்றைக்கு வீடெல்லாம் இந்த வாடைதான் அடிக்கும். நான் உட்கார்ந்து மண்கட்டியை உடைத்தேன். வெள்ளையாக ஒரு நத்தை ஓடு. இன்னும் உடைத்தேன், இன்னும் இரண்டு. சாமை நாற்றுக்கு நடுவே தடித்த முளை ஒன்று நின்றது, சாமை அப்படி இருக்காது. அது சம்பு. முழங்கால் தண்ணீர் நிற்கிற இடத்தில் வளர்கிற சம்பம்புல்.

எனக்கு உள்ளங்கால் ஜில்லென்று ஆனது. பொன்னி கார்டனை ஏரிக்குப் பக்கத்தில்கூட இல்லை, வற்றின ஏரிக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். மாமாவுக்கு இது தெரிய வழியில்லை. எங்கள் மலை ஊரில் வற்றி வண்டல் அள்ளுகிற மாதிரி ஏரி கிடையாது. பெய்கிற மழை சரிவில் ஓடிப் போய்விடும். அவருக்கு விளைச்சலுக்கு நல்ல மண் என்றால் வீட்டுக்கும் நல்ல மண்தான். ஏரியின் அடிமண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் ராஜா என்று சந்தோஷப்பட்டார். தெரிந்திருக்க வேண்டியவள் நான். ஏழு நாளும் அந்த மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினவளும் நான்தான். என் கண்ணும் மூக்கும் முழுக்க அடுத்த டப்பா மேலேயே இருந்ததால் இதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த ஐந்து படி எதற்கு? தெருவில் எல்லா வீட்டிலும் கரண்டு மீட்டர் ஏன் தலைக்கு மேலே இருந்தது? மோட்டாரை ஏன் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி ஏற்றி வைத்திருந்தார்கள்? கம்பீரமாக இருக்கிறது என்று வாயைப் பிளந்தேனே, ஐயோ! மணி ஐந்தரை தாண்டிவிட்டது. நத்தை ஓட்டைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடினேன். அத்தை பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது, நிற்கவில்லை.

ஏறும்போது மூச்சு வாங்கியது. அதைவிட யோசனைதான் அதிகமாக வாட்டியது. ஏரி என்று சொல்லி நிறுத்திவிடலாம். அப்புறம்? கடல் மண்தான் முளைக்கவில்லையே, அந்த வீட்டை மாமா வாங்க விடமாட்டார். இரண்டும் போனால் ஜூன் போய்விடும், அவர் ரூமிலேயே கிடப்பார், பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழும். உண்மையைச் சொன்னால் என் முகத்தில் யார் முழிப்பார்கள்? எதையும் சொல்லாமல் திரும்பிவிட்டால்? ஐப்பசி மழை வந்ததும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐந்தாவது படியில் நிற்க வேண்டியதுதான். புளியந்தோப்பில் ஒரு வேர் தடுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன்.

பாறை மேல் அவர் போனை உயரப் பிடித்துக்கொண்டு நின்றார். தொகையைப் போட்டு, நம்பரையும் அடித்துவிட்டார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா பக்கத்தில் குந்தியிருந்தார். நான் போய் அந்தப் போனைப் பிடுங்கி, அனுப்புகிறதை நிறுத்திவிட்டேன். பணம் போகவில்லை.

"இன்னா பண்ற நீ?" என்றார் அவர்.

"அது ஏரிங்க."

"ஏரியா? அங்க ஏது ஏரி? நம்மதான் போய்ப் பாத்தமே."

"நம்ம நின்னதே ஏரிலதாங்க."

நத்தை ஓட்டை நீட்டினேன். மாமா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது கடல் சிப்பி இல்லையா, பை மாறிவிட்டதா என்று கேட்டார். இல்லை மாமா, இது ஏரி நத்தை, சின்ன வயசில் அப்பா கொட்டின வண்டலில் இதைப் பொறுக்கித்தான் விளையாடுவோம் என்றேன். படிகளைச் சொன்னேன், மீட்டரைச் சொன்னேன். சொல்லச் சொல்ல மாமாவின் முகம் சுருங்கிப்போனது. நாற்பது வருஷமாக மண்ணைப் பார்த்தே இடம் சொல்கிற மனுஷன். அவ்ளோ செழிப்பா வந்துதே என்று மட்டும் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அதுவும் முளைக்கவில்லை, இதுவும் இல்லை, மூன்றாவது ஒன்றைத் தேட நேரமும் இல்லை என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பிறகு என்னிடம், கோபமே இல்லாமல் சொன்னார்.

"அப்ப இந்த வருசமும் ரூம்லதான், சுதா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கடல் மண்ணுல நான் உப்பு போட்டேன். ஏழு நாளும் உப்புத் தண்ணிதான் ஊத்துனேன். அது நல்ல மண்ணுதான், நான்தான் மொளைக்க விடல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். எங்கப்பா நம்பிக்கையில் போய்க் கை வைத்தாயே என்று ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"தெரியும்" என்றார் மாமா.

எனக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஞாயிற்றுக்கிழமையே கீதாஞ்சலி வந்து, தாத்தா, செடிக்கு வயித்தால போவுதாம், அம்மா மருந்து ஊத்துது என்று சொல்லியிருக்கிறாள். அவர் நம்பவில்லை. யாரும் இல்லாதபோது அந்த மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். முந்தின நாள் இல்லாத உப்பு இருந்திருக்கிறது. பையில் மீதி இருந்த கடல் மண்ணை அன்றைக்கே மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு உடைந்த சட்டியில் போட்டு, சாமை தூவி, அவரே தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். அதில் முளைத்திருக்கிறது.

முளைத்தது தெரிந்துமா நகர் வீட்டை எடுக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நல்லது கெட்டது தெரிஞ்ச பொண்ணு நீ. நீயே திருட்டுத்தனமா உப்பு போட்றன்னா உனுக்கு எவ்ளோ பயம் இருக்கணும்? மண்ணு நல்லா இருந்து இன்னா பண்றது? தெனம் பயந்துக்கினு குந்தறதுக்கா வூடு வாங்கறது?"

நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, ஒரு வாரம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். என் பயத்துக்காக, தன் வழக்கத்தில் நடந்த பொய்யை மகனிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார். நான் செய்த திருட்டைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் என் முட்டியில் இருந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்தார்.

ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சக்கரவர்த்தி கூப்பிட்டார். என்ன சொல்லட்டும் என்று அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டார். சக்கரவர்த்தி ஏதோ கத்தினது பாறை முழுக்கக் கேட்டது.

இறங்கி வரும்போது மாமாவிடம், அடுத்த ஞாயிறு கடல் வீட்டுக்கு என்னை மறுபடி அழைத்துப் போகச் சொல்லுங்கள், இந்தத் தடவை இறங்கிப் பார்க்கிறேன், தண்ணீரிலும் கால் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். பயம் போகவில்லை. போகும் என்றும் சொல்ல மாட்டேன். நீங்களும் கூட வரணும் மாமா என்றேன்.

"நான் கடலே பாத்தது இல்லம்மா. எனுக்கும் பயமாத்தான் கீது. வர்றேன்."

நேராகக் கொட்டகைக்குப் பின்னால் போனோம். உடைந்த சட்டியில், வெளுத்த மணலில், மெலிசாகப் பதினான்கு முளை. செழிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லாம் நேராக நின்றன. சாயங்காலத் தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை என்றார் மாமா. நான் ஓடிப்போய்த் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டுகொண்டு வந்தேன். ஊற்றப் போனபோது மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். சொம்பில் ஒரு விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ம், ஊத்து" என்றார்.